மஞ்சள் கழுத்து அன்னம்

தாட்சாயினி கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அந்தப் படத்தை இன்னொரு தரம் பார்த்தால் காலையில் தின்ற இடியப்பம் வெளியே வந்துவிடும் போலிருந்தது.

இத்தனைக்கும் படத்தில் பிணமும் இல்லை, இரத்தமும் இல்லை. ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே கண்ணாடி மாதிரி ஒரு நீர்ப்பரப்பு. கரையில் ஊசிக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம். சரிவில் நெருக்கியடித்து நிற்கும் பழங்கால மர வீடுகள், அவற்றின் ஜன்னல்களில் சிவப்புப் பூக்கள், தண்ணீரில் ஒரு அன்னம். இவ்வளவுக்கும் முன்னால், அரக்குச் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி ஒரு தாய்.

“இதுதான் அம்மா,” என்றாள் எதிரே கதிரையில் இருந்த மேனுகா. “ஒஸ்ரியாவில மார்ஸ்டெட் எண்டு ஒரு ஊராம். ஆயிரம் வருசத்துப் பழைய ஊர் எண்டு அண்ணா சொன்னவர். எங்கட பெரியம்மாவின்ர மகன் அங்க இருக்கிறாராம். அவர் வீட்டிலதான் அம்மா நிக்கிறாவாம்.”

மேனுகாவுக்கு எட்டாம் மாதம். சிட்னியின் செவன் ஹில்ஸில் ஒரு கோழித் தொழிற்சாலையில் பொதி கட்டுகிற வேலை. பதின்மூன்று வருடங்களுக்கு முன் படகில் வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, இன்றுவரை தற்காலிக விசாவில் இழுபட்டுக்கொண்டிருப்பவள். ஆஸ்திரேலியாவை விட்டு ஒரு அடி வெளியே வைத்தால் திரும்பி உள்ளே வர முடியாது. அதனால் இத்தனை வருடமாகப் பெற்ற தாயைக் கண்ணால் பார்க்கவில்லை.

“அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து மெல்பேர்னுக்கு அண்ணாட்டை வந்தவா எண்டு ஊரில பக்கத்து வீட்டு ஆக்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடன அண்ணாவுக்கு எடுத்தனான். ரெண்டு கிழமை நிண்டிட்டு ஒஸ்ரியாவுக்குப் போட்டா எண்டார். அம்மாட பழைய போன் பிளேனில துலைஞ்சிட்டுதாம். அங்க மலைக்குள்ள சிக்னலும் இல்லையாம். அம்மா எழுதுறதை அண்ணாதான் எனக்கு அனுப்பி விடுறவர்.”

“சிக்னல் இல்லாத மலையிலேருந்து இந்த போட்டோ மட்டும் எப்படி வந்துச்சு? நடந்தா?” என்றான் கௌரிசங்கர், கதவோரம் நின்று வாழைப்பழம் உரித்தபடி.

கௌரிசங்கர் திண்டுக்கல்காரன். தாட்சாயினியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன், கார் ஓட்டி, தேநீர் போடுபவன். வாயை மூடத் தெரியாது என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. வாரக் கடைசியில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கவும் போவான்.

“நீர் கொஞ்சம் வாயை மூடும், சங்கர்,” என்றாள் தாட்சாயினி.

“மேடம் என்னை ‘நீர்’னு கூப்பிடுறப்பல்லாம் ராஜா வேஷம் கட்டின மாதிரி ஒரு பெருமை. மூடிக்கிறேன்.”

மேனுகா சிரிக்கவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு குனிந்தபடியே பேசினாள். “அக்கா, எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். பிள்ளை பிறக்கேக்க அம்மா பக்கத்தில நிக்க வேணும். ஒருக்கா இங்க வந்திட்டுப் போகச் சொல்லி அண்ணாவிட்டைக் கெஞ்சினனான். அதுக்குத்தான் இந்தப் படமும் இந்த எழுத்தும் வந்தது. வாசியுங்கோ.”

தாட்சாயினி மனமில்லாமல் கைபேசியை நிமிர்த்தினாள். படத்துக்குக் கீழே இருந்ததை உரக்கப் படித்தாள்.

“அன்பு மகளே, நான் ஒரு அழகான ஏரிக்கரையில் மகிழ்ச்சியாக இருக்கிறேன். காட்சி மூச்சடைக்கிறது. நான் உன்னைத் தவறவிடுகிறேன்.”

“என்னைத் தவறவிடுறாவாம்,” என்றாள் மேனுகா. “அப்ப என்னைக் கைகழுவிட்டா எண்டுதானே அக்கா அர்த்தம்? நான் அவாவுக்கு என்ன செய்தனான்?”

தாட்சாயினிக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை எரிந்தது. பன்னிரண்டு வருடம் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் அவள். கொலைகாரனின் பொய்யையும் கணவனின் பொய்யையும் இரண்டு மொழியில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துத்தான் துப்பறியும் உரிமம் எடுத்தாள். ஆனால் ஒரு தாயின் வாய்க்குள் இப்படி ஒரு குப்பையைத் திணித்ததை அவள் பார்த்ததில்லை.

“அழாதையும் பிள்ளை. இது அம்மாவின்ர வசனம் இல்லை. ஆரோ இங்கிலிசில அடிச்சு மெசினிட்டைக் குடுத்திருக்கினம். ‘ஐ மிஸ் யூ’ எண்டதை அந்தச் சனியன் ‘தவறவிடுகிறேன்’ எண்டு துப்பியிருக்கு. உம்மைக் காணாமல் ஏங்கிறா எண்டு சொல்ல வெளிக்கிட்டு, உம்மைக் கைகழுவினதா ஆக்கிப்போட்டாங்கள்.”

மேனுகா நிமிர்ந்தாள். ஒரு மாதமாக அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள் பாவி மகள்.

“மேடம், ஒரு சந்தேகம்,” என்றான் கௌரிசங்கர். “வயசானவங்க யாராவது பேரப்பிள்ளைகிட்ட சொல்லி எழுத வச்சிருக்கலாமே? அம்மா தமிழ்ல சொல்ல, அது எழுதினது இப்படி ஆயிருக்கலாம்.”

“அம்மா சொல்லியிருந்தால் ‘ஏரி’ எங்கயிருந்து வந்தது?”

“ஏரியை ஏரின்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றது? எங்க ஊர்ல ஏரிதான்.”

“உங்கட ஊரில. எங்கட ஊரில ஏரி பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள்ளதான் கிடக்கும். ஆரின்ர வாயிலயும் வராது. எவ்வளவு பெரிசெண்டாலும் எங்களுக்குக் குளம்தான். மேனுகா, உங்கட அம்மா ஏரி எண்டு சொல்லிக் கேட்டிருக்கிறீரோ?”

“ஒருநாளும் இல்லை அக்கா.”

“அப்ப இந்தச் செய்தியில அம்மா இல்லவே இல்லை. இனிப் படத்தைப் பாப்பம்.”

தாட்சாயினி மூக்குக் கண்ணாடியைப் போட்டாள். அவளுக்கு இந்த ஊரைத் தெரியும். தெரியாமல் என்ன! போன வருடம் சித்திரையில் ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு போய் அங்கே ஒரு பகல் முழுக்கச் சீரழிந்து வந்திருக்கிறாள். அழகான ஊர்தான், யார் இல்லையென்றது? ஆனால் அந்த அழகைப் பார்க்க விட்டால்தானே. பேருந்து பேருந்தாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஒரு கை அகலத் தெருவில் ஆயிரம் பேர், ஆளுக்கொரு செல்ஃபி குச்சி. பொரித்த எண்ணெய் நாற்றம். மூத்திரம் பெய்வதற்கு வரிசை, ஐஸ்கிரீமுக்கு வரிசை. மண்டையோடுகளுக்குப் பூப்படம் வரைந்து அடுக்கி வைத்திருக்கும் ஒரு பழைய எலும்பறைக்கும் வரிசை. செத்தவனைக்கூடத் தூங்கவிடாமல் பல்லைக் காட்டிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். ‘இங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள், தயவுசெய்து சத்தம் போடாதீர்கள்’ என்று வீட்டுக்காரர்கள் எழுதித் தொங்கவிட்ட பலகையில் சாய்ந்து நின்றுகொண்டு ஒருத்தி கூச்சல் போட்டாள். சீ!

“இந்த இடத்தில நிண்டு படம் எடுக்கிறதுக்கு நான் வரிசையில நிண்டனான்,” என்றாள் தாட்சாயினி. “எனக்கு முன்னால ஒரு கொரியாக் கல்யாணச் சோடி, பின்னால ஒரு பஞ்சாபிக் குடும்பம். என்ர படத்தில எனக்கே இடமில்லை. அப்பிடிப்பட்ட ஊரில உங்கட அம்மா தன்னந்தனியா நிக்கிறா. ஒரு ஈ காக்கை இல்லை.”

“அம்மா அதிகாலைல போயிருப்பாங்க,” என்றான் கௌரிசங்கர்.

“சரி. ஜன்னலில பூ என்னத்துக்கு? இது மாசி மாசம். எங்களுக்கு இங்க வேர்த்து வடியுது. அங்க முழங்கால் மட்டும் பனி. பனிக்குள்ள பூ பூக்குமோ?”

கௌரிசங்கர் வாழைப்பழத்தை விழுங்கினான்.

“அண்ணா இப்ப அங்க வெயில் காலம் எண்டார்,” என்றாள் மேனுகா மெதுவாக. “நான் எங்கயக்கா ஐரோப்பாவைக் கண்டனான்?”

தாட்சாயினி படத்தை விரலால் விரித்தாள். தேவாலயம், படகு, அன்னம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் நின்றாள்.

“இந்த அன்னத்தின்ர கழுத்து ஏன் மஞ்சளாக் கிடக்கு?”

“மஞ்சள் காமாலையா இருக்கும், மேடம். அம்புட்டுக் குளிர்ல…” என்று தொடங்கிய கௌரிசங்கர் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டான். கைபேசியைப் பறிக்காத குறையாக வாங்கினான். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான், பிறகு நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டான்.

“அடக் கடவுளே! மேடம், இந்த ஊருக்கு நான் குறைஞ்சது இருபது தடவை போயிருக்கேன்.”

“நீர் தாஸ்மேனியாவுக்கே போனதில்லை.”

“போகவே வேண்டாம். கூப்பிடு தூரத்துலதான் இருக்கு. சிறீ அண்ணன் ஸ்டூடியோவுல சுருட்டி வச்சிருக்காங்க!”

விஷயம் இதுதான். செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் சிறீஸ்கந்தராசா என்பவர் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் செய்கிற சாமத்தியச் சடங்குக்கு மணவறை, ஊஞ்சல், ஆல்பம் எல்லாம் அவர்தான். அந்த ஆல்பத்தில் பிள்ளை ஒரு பக்கம் தாஜ்மகாலுக்கு முன் நிற்கும், மறுபக்கம் ஆல்ப்ஸ் மலையில் நிற்கும்; எல்லாம் பின்னால் தொங்கவிடுகிற துணிப் படங்கள். சிட்னித் தமிழ் வீடுகளின் வரவேற்பறைகளில் பெரியபிள்ளையான அத்தனை பெண்களும் அந்த ஒரே தண்ணீர்க்கரையில்தான் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

“போன வருஷம் லக்சிகான்னு ஒரு பொண்ணோட சடங்கு,” என்றான் கௌரிசங்கர். “நான்தான் வீடியோ. அந்தப் பொண்ணோட மாமி மஞ்சள் கரைச்ச கையோட வந்து அந்தத் துணியில சாஞ்சிட்டாங்க. அன்னத்தோட கழுத்துல அப்படியே அஞ்சு விரலும். சிறீ அண்ணன் போட்ட சத்தத்துல பொண்ணு அழுதிருச்சு. எத்தனை தடவை துவைச்சும் போகலை.”

தாட்சாயினி எழுந்தாள். “காரை எடும். பிள்ளை, நீரும் வாரும்.”

ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் குப்பென்று அடித்தது நாற்றம். வாடிய மாலை, சென்ட், ரோல்ஸ் பொரித்த எண்ணெய், எல்லாம் சேர்ந்த ஒரு கலவை. பொன்னிற சிம்மாசனம் ஒன்றின் கையில் யாரோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம். பிளாஸ்டிக் மயிலின் தோகைக்குள் கசங்கிய கடதாசிக் கோப்பைகள். தாட்சாயினி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

சிறீஸ்கந்தராசா வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தார். “வாங்கோ வாங்கோ. அட, சங்கர் தம்பியும் வந்திருக்கிறார். ஆருக்கு விசேசம்?” மேனுகாவின் வயிற்றைப் பார்த்தார். “வளைகாப்புப் படமோ? சுவிஸ் பின்னணி போடுவமோ?”

“போடுங்கோ பாப்பம்,” என்றாள் தாட்சாயினி.

அவர் கயிற்றை இழுத்தார். ஈபிள் கோபுரம் மேலே போனது. தாஜ்மகால் இறங்கி, அதுவும் மேலே போனது. மூன்றாவதாக மடமடவென்று விரிந்தது மார்ஸ்டெட். ஊசிக் கோபுரம், மர வீடுகள், சிவப்புப் பூ, நீர்ப்பரப்பு. அன்னத்தின் கழுத்தில் ஐந்து மஞ்சள் விரல்கள்.

மேனுகா நடந்துபோய் அந்தத் துணியைத் தொட்டாள். ஆல்ப்ஸ் மலை சுருங்கி ஆடியது.

“அம்மா இங்க… இங்கயோ நிண்டவா?” என்றாள். “நான் வேலைக்கு வாற பஸ் இந்த ரோட்டாலதானே போகுது.”

தாட்சாயினி படத்தைச் சிறீஸ்கந்தராசாவின் மூக்குக்கு நேரே பிடித்தாள். “இதை எடுத்தது நீங்கள்தானே? எப்ப?”

“ஓம், நான்தான். போன மாசம். வினுஷா எண்டு ஒரு பிள்ளைக்குச் சடங்கு. மெல்பேர்னில இருந்து பிள்ளையின்ர மாமா கிருபானந்தன் வந்திருந்தவர், மனிசி வழிச் சொந்தம். அங்க கிரான்பர்ன்காரர். இவா அவரின்ர அம்மா. ஏன், ஏதும் பிரச்சினையோ?”

“காலை ஏன் வெட்டினனீங்கள்? முழங்காலோட படம் முடியுது.”

“கீழ கம்பளம் தெரிஞ்சது. அதை வெட்டி அனுப்பச் சொல்லி அவர்தான் கேட்டவர். ஆரையோ பகிடி பண்ணப் போறாராம். கஸ்ரமர் கேட்டால் செய்யிறதுதானே தங்கச்சி.”

“பகிடி!” என்றாள் தாட்சாயினி. காறித் துப்ப இடம் தேடியவள் போல் சுற்றிப் பார்த்தாள். “பெத்த தாயைப் பொம்மை மாதிரி துணிக்கு முன்னால நிறுத்தி, ஒஸ்ரியாவில நிக்கிறா எண்டு தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறான். அதுக்கு நீங்கள் கத்தரிக்கோல் பிடிச்சிருக்கிறீங்கள்.”

சிறீஸ்கந்தராசாவின் முகம் வெளிறியது. மேனுகாவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “தங்கச்சியோ? இந்தப் பிள்ளையோ? நில்லுங்கோ, நில்லுங்கோ. நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. அந்த மனுசியை ஆரும் நிறுத்தேல்ல. அவா தானாத்தான் வந்து நிண்டவா.”

“என்ன?”

“சடங்குப் படம் எல்லாம் எடுத்து முடிஞ்சு நான் துணியைச் சுருட்டப் போறன். அவா ஓடி வந்தவா. ‘தம்பி, சுருட்டாதை, இது என்ர மகள் இருக்கிற ஊரெல்லோ’ எண்டவா.”

மேனுகா துணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சிறீஸ்கந்தராசா தொடர்ந்தார்.

“மகள் முந்தி ஒஸ்ரேலியாவிலதானாம், இப்ப கலியாணம் கட்டி இந்த ஊரில இருக்கிறாவாம். போனில மகன் படம் காட்டினவராம். மகளுக்குத் தாயோட கதைக்க விருப்பமில்லையாம், அதால போன் எடுக்கிறேல்லையாம். அந்தக் கோயிலைக் காட்டி, ‘இதுக்குப் பக்கத்தில எங்கயோதான் பிள்ளையின்ர வீடு’ எண்டு எனக்கே விளங்கப்படுத்தினவா. நல்ல வெக்கை அண்டைக்கு. ‘அங்க பிள்ளை குளிருக்குள்ள நிக்கேக்க நான் எப்பிடி வெறும் சேலையோட நிக்கிறது’ எண்டு ஆரிட்டையோ சுவெட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நிண்டவா. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் என்னத்தைக் கண்டன்!”

தாட்சாயினி சூயிங்கம் ஒட்டிய சிம்மாசனம் என்றும் பாராமல் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பொய் என்று நினைத்து வந்தாள். இரண்டு. மகளிடம் தாய் அந்த ஊரில் என்றான். தாயிடம் மகள் அந்த ஊரில் என்றான். இரண்டு பேரையும் போகாத ஊருக்கு அனுப்பிவிட்டு, நடுவில் இருந்து இருவர் வாயையும் அவனே பேசியிருக்கிறான். வேறு பொய் யோசிக்கக்கூடப் பஞ்சி பிடித்த சோம்பேறி. தூ!

“அம்மா என்னோட கோபமில்லை,” என்றாள் மேனுகா. துணியை இன்னும் விடவில்லை. “அக்கா, அம்மா என்னோட கோபமில்லை. நான்தான் தன்னோட கோபம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா.”

“அம்மா இப்ப எங்க?” என்று கேட்டாள் தாட்சாயினி.

சிறீஸ்கந்தராசா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “முருகன் கோயிலில. கிருபானந்தன் திரும்ப மெல்பேர்னில இருந்து வந்து நிக்கிறார், இண்டைக்கு அங்க அருச்சனை செய்யினம். அல்பத்தையும் அங்கதான் கொண்டுவரச் சொன்னவை. முடிய அப்பிடியே எயார்போட்டுக்குப் போகினம்.”

“ஆர் போறது?”

“அம்மாதான். ஊருக்கு. விசா இன்னும் மூண்டு மாசம் கிடக்காம், எண்டாலும் அனுப்புகினம். பின்னேரப் பிளைட்.”

மேனுகா ஒரு சத்தம் போட்டாள். தாட்சாயினிக்கு அது விளங்கியது. தாய் அந்த விமானத்தில் ஏறிவிட்டால் முடிந்தது. இவளால் ஊருக்குப் போக முடியாது. இன்னொரு தடவை தாயைக் கூப்பிட அந்த அண்ணன் விடமாட்டான். இனி இந்தப் பிறவியில் இரண்டு பேரும் முகம் பார்க்கப் போவதில்லை.

“அல்பத்தைக் குடுங்கோ. நாங்கள் கொண்டுபோய்க் குடுக்கிறம்,” என்றாள் தாட்சாயினி.

கௌரிசங்கர் ஓட்டிய ஓட்டத்தில் தாட்சாயினி இரண்டு முறை முருகனைக் கூப்பிட்டாள். “வாய்க்குள்ளயே கூப்பிடுங்க மேடம், அவர்கிட்டதான் போறோம்,” என்றான் அவன். கோயில் இருக்கும் மேய்ஸ் ஹில்லில் சனிக்கிழமைக் கூட்டம். கார் நிறுத்த இடமில்லை. கௌரிசங்கர் ஒரு வெள்ளை ஜீப்பின் பின்னால் குறுக்கே மறித்து நிறுத்தினான்.

“ஹலோ! நான் வெளிய எடுக்க வேணும்,” என்று கத்தினார் ஜீப்பின் பக்கத்தில் நின்றவர். பட்டு வேட்டி, தங்கச் சங்கிலி, நெற்றியில் பட்டையாக விபூதி. ஜீப்பின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பழைய நீலப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

“அண்ணா,” என்றாள் மேனுகா.

கிருபானந்தன் திரும்பினான். தங்கையின் முகத்தைப் பார்த்தான், வயிற்றைப் பார்த்தான், உடனே கோயில் வாசலைப் பார்த்தான். அவன் முதலில் சொன்ன வார்த்தை இதுதான்: “போ. ஆக்கள் பாக்கினம்.”

“பாக்கட்டும்,” என்று நடுவில் வந்தாள் தாட்சாயினி. “உங்கட ஒஸ்ரியாவைப் பாத்திட்டு வாறம். அன்னத்துக்குக் கழுத்து மஞ்சள்.”

“ஹூ ஆர் யூ? திஸ் இஸ் எ ஃபமிலி மாற்றர்.”

“தமிழில சொல்லும். மெசின் இல்லாமல் வருமோ?”

கௌரிசங்கர் பின்னால் நின்று செருமினான். கிருபானந்தனின் முகம் கறுத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். “உங்களுக்கு என்ன தெரியும்? என்ர மனிசியின்ர ஆக்கள் எல்லாம் டொக்டர்மார். தங்கச்சி போட்டில வந்து கோழி வெட்டுறாள் எண்டு நான் எந்த முகத்தோட சொல்லுறது? எனக்குத் தங்கச்சி ஐரோப்பாவில எண்டுதான் அவைக்குத் தெரியும். இவள் இங்க எண்டு அம்மாவுக்குத் தெரிஞ்சால் அடுத்த நிமிசம் இவளிட்டை ஓடியிருப்பா. என்ர சின்னவனை ஆர் பாக்கிறது? சமையலை ஆர் பாக்கிறது? நாங்கள் ரெண்டு பேரும் வேலை.”

“இப்ப மட்டும் ஏன் அனுப்புறீர்?”

“சின்னவனுக்கு சைல்ட்கெயர் கிடைச்சிட்டுது,” என்றான் கிருபானந்தன், அது மிகவும் நியாயமான காரணம் என்பது போல. “இனி அம்மாவுக்கு இங்க என்ன வேலை?”

தாட்சாயினி எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்தவள். கத்தியால் குத்தியவன்கூடக் கூண்டில் ஏறினால் தலையைக் குனிவான். இவன் திருநீறு காயாத நெற்றியோடு நிமிர்ந்து நிற்கிறான். அவளுக்கு அவனுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு விடவே கூசியது. இரண்டடி தள்ளி நின்றாள்.

அப்போது கோயில் வாசலிலிருந்து மேனுகாவின் அம்மா பவளராணி வந்தார். அதே அரக்குச் சேலை. ஒரு கையில் செருப்பு, மறு கையில் மகனுக்காகப் பொத்திக்கொண்டு வந்த பிரசாதம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தவர் ஜீப்புக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டார்.

அவர் கையிலிருந்த செருப்பு விழுந்தது. வெறுங்காலோடு தார்த் தரையில் ஓடி வந்தார். மேனுகாவின் கன்னத்தை, தோளை, காதை, வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தார். கை விபூதி முழுக்க மகளின் சட்டையில் ஒட்டியது.

“என்ர குஞ்சு,” என்றார். “எப்ப அங்கயிருந்து வந்தனி?”

மேனுகா அழுகையோடே சொன்னாள்.

“நான் ஒரு இடமும் போகேல்ல அம்மா. நான் இங்கதான் இருந்தனான்.”

பவளராணிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. தாட்சாயினி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழப்பம் போனது. சந்தோஷமும் போனது. பிறகு அந்த அம்மா மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தார்.

“அம்மா, பிளைட்டுக்கு நேரமாகுது,” என்றான் கிருபானந்தன். “ஏறுங்கோ. வழியில எல்லாம் சொல்லுறன்.”

பவளராணி பதில் சொல்லாமல் ஜீப்பின் பின்பக்கம் போனார். நீலப் பெட்டியின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. கௌரிசங்கர் ஓடிப்போய், ஒரு பகடியும் விடாமல், பெட்டியைத் தூக்கித் தன் காரில் வைத்தான்.

“அம்மா, விசர் வேலை பாக்காதைங்கோ. ரிக்கெற் போட்டாச்சு. நீங்கள் இப்ப வராட்டி நான் போயிடுவன்.”

பவளராணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். பெற்ற பிள்ளை அடுத்த தெருக் கடைக்குப் புறப்பட்டால்கூட வாசல்வரை வந்து “போட்டு வா”, போய்விட்டுத் திரும்பி வா, என்று சொல்லி வழியனுப்பிய மனுசி. பதின்மூன்று வருடத்துக்கு முன் படகேறப் போன மகளுக்கும் அதே வார்த்தையைத்தான் சொல்லி அனுப்பினார்.

“நீ போ,” என்றார் மகனிடம்.

“போட்டு வா” என்று சொல்லவில்லை.